ஆவியில் வெடித்த வைக்கோல், பாதியில் நின்றுபோகும் நொதி: எங்கே தவறு?

நார்முடிச்சு (பதிவு 1)

வணக்கம் நண்பர்களே. முதுகலை ஆய்வுக்காகக் கோதுமை வைக்கோலில் இருந்து எத்தனால் எடுத்துப் பார்க்கிறேன். குடுவையில் அழகாக வந்த வேலை பெரிய கலனில் வரவில்லை. ஒரு மாதமாக இதே கவலை.

வைக்கோல் நாரில் உள்ள செல்லுலோசை நொதியால் குளுக்கோசாக உடைத்து, அதை ஈஸ்டால் எத்தனாலாக்குவதுதான் திட்டம். செய்தது இதுதான். வைக்கோலை நறுக்கி, ஏறக்குறைய 200 டிகிரி நீராவியில் 10 நிமிடம் வைத்து, அழுத்தத்தைச் சட்டென்று திறந்துவிட்டோம். வெளியே வந்ததைப் பார்த்தால் வைக்கோல் என்றே சொல்ல மாட்டீர்கள். ஈரமான மரத்தூள் போலக் கரும்பழுப்பாக, லேசான புளிப்பும் கருகலும் கலந்த வாசனையோடு இருந்தது. அதை வெந்நீரில் கழுவினோம். முதல் சோதனை 250 மில்லி குடுவையில்: 2 சதவீதத் திடப்பொருள், பிஎச் 5, 50 டிகிரி, ஒரு கிராம் செல்லுலோசுக்கு 15 மில்லிகிராம் நொதிப் புரதம். 72 மணி நேரத்தில் செல்லுலோசில் 80 சதவீதத்துக்கு மேல் குளுக்கோசாக மாறியது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

அடுத்து 5 லிட்டர் கலன், 15 சதவீதத் திடப்பொருள். மற்றதெல்லாம் அதே அளவு. முதல் நாள் ஏறியது. அப்புறம் 45 சதவீதத்தை ஒட்டி நின்றுவிட்டது. நான்கு நாள் வரை பார்த்தேன், அசையவில்லை. நொதியை இரண்டு மடங்கு போட்டேன், கொஞ்சம்தான் ஏறியது. நொதி பழசாகிவிட்டது என்கிறார் வழிகாட்டி. ஆனால் அதே புட்டியில் இருந்து எடுத்த நொதி, வடிதாளை உடைக்கவிட்டுத் திறன் பார்க்கும் சோதனையில் நன்றாகத்தான் வேலை செய்கிறது. எங்கே தவறு?


கொதிகலன் (பதிவு 2)

முதல் கேள்வி: கலக்கி எப்படிப்பட்டது? காற்றாடி இறக்கை போல மேலே இருந்து தொங்கும் சாதாரணக் கலக்கி என்றால், 15 சதவீத வைக்கோலில் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நார் முழுத் தண்ணீரையும் குடித்துவிடும். கலனில் திரவம் என்று ஒன்றே இருக்காது, ஈர மண் மாதிரி நிற்கும். இறக்கையைச் சுற்றி ஒரு குழி விழும். அந்தக் குழிக்குள் மட்டும் கலங்கும், சுவரோரத்தில் இருப்பது போட்ட இடத்திலேயே கிடக்கும்.


நார்முடிச்சு (பதிவு 3)

ஆமாம் அண்ணா, நீங்கள் சொல்வது போலத்தான் குழி விழுந்தது. ஆனால் 10 மணி நேரத்துக்குள் குழம்பாகி, ஓரளவு ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகும் ஏன் நிற்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.


நுண்ணோக்கி (பதிவு 4)

தம்பி, நொதியைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் அது கலனுக்குள் என்ன செய்கிறது என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். செல்லுலோசை உடைக்கும் செல்லுலேஸ் என்பது ஒரு நொதி அல்ல, ஒரு கூட்டம்.

எண்டோகுளுக்கனேஸ் செல்லுலோஸ் இழையை நடுநடுவே வெட்டும். வெட்டிய இடத்தில் புது முனைகள் பிறக்கும். அந்த முனையைப் பிடித்துக்கொள்வது செல்லோபயோஹைட்ரோலேஸ். சுரங்கம் போன்ற ஒரு வழி அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. இழை ஒரு பக்கம் நுழைந்து செல்ல, மறுபக்கம் இரண்டிரண்டு குளுக்கோசாக, அதாவது செல்லோபயோசாக வந்து விழும். பிடித்த இழையை லேசில் விடாது, அதிலேயே ஊர்ந்து போகும். கடைசியில் பீட்டா குளுக்கோசிடேஸ் அந்த ஜோடியை இரண்டு குளுக்கோசாகப் பிரிக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செல்லோபயோஸ் தேங்கினால் இரண்டாவது ஆள் வேலையை நிறுத்திவிடும். குளுக்கோஸ் தேங்கினால் மூன்றாவது ஆள் தளர்ந்துவிடும். மூன்றாவது தளர்ந்தால் செல்லோபயோஸ் தேங்கும். 2 சதவீதக் குடுவையில் இந்தச் சர்க்கரைகள் எல்லாம் நீர்த்துக் கிடந்தன. 15 சதவீதத்தில் அவ்வளவும் ஒன்றின்மேல் ஒன்று நெருக்குகின்றன.

அதனால் ஒரு கேள்வி. சர்க்கரையை டிஎன்எஸ் என்ற நிறமாற்ற முறையில் அளந்தீர்களா, சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியிலா? டிஎன்எஸ் கரைசல் மஞ்சளில் இருந்து செம்பழுப்பாக மாறுவதை வைத்து மொத்தச் சர்க்கரைதான் தெரியும். செல்லோபயோஸ் எவ்வளவு, குளுக்கோஸ் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. செல்லோபயோஸ் நிறைய நின்றால் பீட்டா குளுக்கோசிடேஸ் போதவில்லை என்று அர்த்தம்.


வெளிவட்டம் (பதிவு 5)

நான் இந்தத் துறை இல்லை, ஆர்வத்தில் வாசிக்கிறேன். மக்காச்சோள மாவில் இருந்து எத்தனால் எடுப்பது எத்தனையோ காலமாக நடக்கிறது. அதிலும் குளுக்கோஸ்தான், வைக்கோலிலும் குளுக்கோஸ்தான். ஒன்று அவ்வளவு சுலபமாகவும் இன்னொன்று இவ்வளவு கஷ்டமாகவும் இருப்பது ஏன்?


நுண்ணோக்கி (பதிவு 6)

நல்ல கேள்வி. மணி இரண்டிலும் ஒன்றுதான், கோக்கும் விதம்தான் வேறு. மாவுச்சத்தில் குளுக்கோஸ் ஆல்ஃபா பிணைப்பில் கோக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சங்கிலி சுருள் சுருளாக வளையும், தண்ணீரில் சூடாக்கினால் ஊதித் திறந்துகொள்ளும். செடி அதைச் சேமிப்பதே பிறகு எடுத்துத் தின்பதற்காகத்தான். செல்லுலோசில் பீட்டா பிணைப்பு. சங்கிலி நேராக நீளும், பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிப் படிகம் போலக் கட்டிக்கொள்ளும். அதைச் சுற்றி இன்னொரு சர்க்கரைச் சங்கிலியான ஹெமிசெல்லுலோஸ், அதற்கும் மேல் பசை போல இறுக்கும் லிக்னின். செடி இதைக் கட்டுவது காற்றுக்கும் மழைக்கும் பூச்சிக்கும் அசையாமல் நிற்பதற்காக. யாரும் தின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் எண்ணமே.

அதனால்தான் அதே அளவு குளுக்கோசை எடுக்க, மாவுக்குத் தேவைப்படும் நொதியைவிடப் பல பத்து மடங்கு நொதி வைக்கோலுக்கு வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலின் பாரம் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இந்த நொதி கிடைத்த கதையும் எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் மக்கி மக்கி விழுந்தன. காரணம் ஒரு பூஞ்சை. அதைப் பிரித்தெடுத்து கியூஎம்6ஏ என்று எண் கொடுத்து வைத்தார்கள். நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் இருவரும் ஆண்டுக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார்கள். 1977-ல் ரீசின் நினைவாக அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் வந்தது. துணியை அழிக்கிறதே என்று தடுக்கப் போனவர்கள், அந்த அழிக்கும் திறனே ஒரு சொத்து என்று கண்டுகொண்டார்கள். இன்று தொழிற்சாலைகளில் செல்லுலேஸ் சுரக்கும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை அந்தக் கூடாரத்துப் பூஞ்சையின் வழித்தோன்றல்கள். தேர்ந்த வகைகள் ஒரு லிட்டருக்கு 100 கிராமுக்கும் மேல் புரதம் சுரக்கின்றன. ஆனால் 2008-ல் அதன் மரபணுத் தொகுப்பை வாசித்தபோது, செல்லுலேஸ் மரபணுக்கள் மற்ற பல பூஞ்சைகளைவிடக் குறைவாகவே இருந்தன. வகை கொஞ்சம், சுரப்பு அபாரம். அதனால்தான் வேறு பூஞ்சைகளின் நொதிகளையும் சேர்த்துக் கலவையாக விற்கிறார்கள்.


நார்முடிச்சு (பதிவு 7)

எச்பிஎல்சியில் பார்த்துவிட்டேன். செல்லோபயோஸ் மிகக் குறைவு. அப்படியென்றால் பீட்டா குளுக்கோசிடேஸ் போதுமான அளவு இருக்கிறது. குளுக்கோஸ் லிட்டருக்கு 40 கிராமைத் தாண்டவே இல்லை. இந்த அளவுக்கே எல்லாம் நின்றுவிடுமா அக்கா?


நுண்ணோக்கி (பதிவு 8)

40 கிராமில் வேகம் குறையும். ஆனால் இப்படிச் சுவரில் முட்டியது போல நிற்காது. இப்போதைய கலவைகள் அதைவிட அதிகக் குளுக்கோசைத் தாங்கும். நொதியை இரண்டு மடங்கு போட்டும் ஏறவில்லை என்கிறீர்கள். நொதி இருக்கிறது, உட்கார இடம்தான் இல்லை என்று தோன்றுகிறது.


வடிகலன் (பதிவு 9)

நான் ஆய்வாளன் இல்லை. காகிதக்கூழ் ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, பிறகு சில வருடம் ஒரு எத்தனால் சோதனை ஆலையில் இருந்தேன். ஒரே ஒரு கேள்வி தம்பி. குடுவைச் சோதனைக்கும் கலன் சோதனைக்கும் நடுவில் எத்தனை நாள்? அந்த நாட்களில் பதப்படுத்திய வைக்கோலை எப்படி வைத்திருந்தீர்கள்?


நார்முடிச்சு (பதிவு 10)

ஏறக்குறைய மூன்று வாரம் ஐயா. குடுவைக்கு வெடிப்பிலிருந்து வந்த அன்றே ஈரமாக எடுத்துக்கொண்டேன். மீதி பூசணம் பிடித்துவிடும் என்று 105 டிகிரி ஓவனில் காயவைத்து, டப்பாக்களில் மூடி வைத்தேன். எடை போடவும் சுலபமாக இருந்தது. போடும்போது பிஎச் மாறாமல் காக்கும் பஃபர் கரைசலில் ஒரு இரவு ஊறவைத்துவிட்டுத்தான் நொதி சேர்த்தேன்.


வடிகலன் (பதிவு 11)

அங்கேதான் போயிற்று.

கூழ் ஆலையில் இதை முதல் வருடமே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை நன்றாகக் காய்ந்த கூழை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் அது காயாத கூழ் ஆகாது. ஈரமாக இருக்கும்போது நாரின் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்திருக்கும். தண்ணீர் போகப் போக எதிரெதிர்ச் சுவர்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு விழுந்துவிடும். திரும்பத் தண்ணீர் ஊற்றினால் சில திறக்கும், பல திறக்கவே திறக்காது. நாங்கள் நார் கொம்பாகிவிட்டது என்போம். கையில் எடுத்தாலே தெரியும். காயாத கூழைப் பிழிந்தால் வழவழவென்று விரலிடுக்கில் பிதுங்கும். காய்ந்து ஊறியது நறநறவென்று தனித்தனி நாராக நிற்கும்.

நீங்கள் 200 டிகிரி ஆவியைப் போட்டு வெடிக்கவைத்தது எதற்கு? அந்தத் துளைகளைத் திறக்கத்தான். பிறகு 105 டிகிரியில் வைத்து நீங்களே மூடிவிட்டீர்கள்.


நுண்ணோக்கி (பதிவு 12)

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கேட்காமல் விட்டது என் தவறு. செல்லோபயோஹைட்ரோலேசின் வினைப்பகுதி ஏறக்குறைய 5 நானோமீட்டர் அளவு. அதைவிடச் சின்ன துளைக்குள் தண்ணீர் போகும், சர்க்கரை போகும், நொதி போகாது. ஓவனில் மூடிக்கொள்வது பெரும்பாலும் நொதி நுழையக்கூடிய அந்தப் பெரிய துளைகள்தான். வெளிப்பரப்பில் இருப்பதை மட்டும் தின்றுவிட்டு நொதி வாசலில் நிற்கிறது.

இப்போது நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். மூன்று குடுவை வையுங்கள். ஒன்றில் புதிதாக வெடிக்கவைத்து காயாத வைக்கோல். இரண்டாவதில் அதையே 105 டிகிரியில் காயவைத்து ஊறவைத்தது. மூன்றாவதில் அறை வெப்பத்தில் காற்றாட உலர்த்தியது. மூன்றிலும் 2 சதவீதம், ஒரே நொதி அளவு. கலக்கும் பிரச்சினையும் சர்க்கரைத் தேக்கமும் இதில் நுழையாது, காய்ந்ததன் விளைவு மட்டும் தனியாகத் தெரியும்.


வடிகலன் (பதிவு 13)

சேமிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். ஈரத்தோடு பிழிந்து, காற்றுப் புகாத பையில் போட்டு, 4 டிகிரியில் வையுங்கள். ஈரப்பதம் தெரிய வேண்டும் என்றால் ஒரு பிடி மட்டும் எடுத்து 105 டிகிரியில் காயவைத்து எடை பாருங்கள். அந்தப் பிடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அது அளப்பதற்கு மட்டும்தான். பூசணம் வராமல் இருக்க சோடியம் அசைடு போடச் சொல்லிச் சில செய்முறைகளில் இருக்கும். பின்னால் ஈஸ்ட் போடப் போகிறீர்கள் என்றால் அதைத் தொடவே தொடாதீர்கள். ஈஸ்டையும் கொல்லும், கவனக்குறைவாகக் கையாண்டால் நம்மையும் கொல்லும்.


மண்புழு (பதிவு 14)

இழை திசை மாறுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் இதைக் கழிவு, கழிவு என்கிறீர்கள். வைக்கோல் மண்ணுக்குக் கழிவா? மாட்டுக்குக் கழிவா? நிலத்தில் விட்டால் மண்ணின் கரிமம் ஏறும், ஈரம் நிற்கும், மேல்மண் அரித்துப் போகாது. அத்தனையையும் வாரிக்கொண்டு போய் எரிபொருளாக்கிவிட்டு, பிறகு மண்ணுக்கு உரம் வாங்கிப் போடுவது எந்தக் கணக்கு?


கொதிகலன் (பதிவு 15)

நியாயமான கோபம். வயலில் தீ வைத்துக் கொளுத்தப்படும் பயிர்த்தாள்களை நினைத்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். எரிப்பவருக்கு அடுத்த விதைப்புக்கு நாள் இல்லை. அந்த நெருக்கடி உள்ள இடத்தில் எடுப்பதற்கும், மாட்டுக்கும் மண்ணுக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருப்பதைப் பிடுங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதை நான் ஆதரிக்கிறேன். இரண்டாவதை ஆதரிக்க மாட்டேன். எடுக்கும் இடத்திலும் முழுவதும் எடுக்கக் கூடாது. சரிவான நிலத்தில், மெலிந்த மண்ணில் தொடாமல் விடுவதே நல்லது.

கரும்பாலைச் சக்கை வேறு கணக்கு. அது ஏற்கெனவே ஆலைக்குள் வந்து, நசுங்கி, கழுவப்பட்டுக் குவிந்து கிடக்கிறது. ஆனால் அதையும் கொதிகலனில் எரித்துத்தான் ஆலையே ஓடுகிறது. எத்தனாலாக்கினால் அந்த வெப்பத்தை வேறெங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். நொதி தொடாமல் மிஞ்சும் லிக்னினை எரித்து அதில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம்.


வெளிவட்டம் (பதிவு 16)

இவ்வளவு தெரிந்திருந்தும் பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன என்று வாசித்தேன். நொதி விலைதான் காரணமா?


கொதிகலன் (பதிவு 17)

அதுவும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நடந்ததைப் பாருங்கள். இத்தாலியில் கிரெசென்டினோ ஆலை 2013-ல் திறந்து 2017-ல் நின்றது, பிறகு வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அமெரிக்காவில் ஹியூகோட்டன் ஆலை 2014-ல் திறந்து அடுத்த ஆண்டின் கடைசியில் மூடியது. அயோவா மாநிலத்தில் நெவாடா என்ற ஊரில் டியூபான்ட் 2015-ல் திறந்த ஆலை இரண்டே வருடத்தில் நின்றது. அதை வாங்கியவர்கள் உயிரிவாயு ஆலையாக மாற்றிவிட்டார்கள். ருமேனியாவில் பொடாரி ஆலையை மூடுவதாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். எல்லாம் திறமையான பொறியாளர்கள் கட்டியவை.

கண்ணாடிக் குடுவையில் வருவது நறுக்கி, சலித்து, கழுவிய வைக்கோல். ஆலைக்கு வருவது கட்டு. கட்டுக்குள் மண், கல், சில சமயம் கட்டிய கம்பி. மணல் திருகு செலுத்தியின் விளிம்பைத் தேய்த்துவிடும். மழையில் நனைந்த கட்டு உள்ளே சூடேறித் தீப்பிடிக்கும். அழுத்தம் உள்ள கலனுக்குள் நாரை இடைவிடாமல் திணிப்பது திரவத்தைப் பம்ப் செய்வது மாதிரி இல்லை. ஒரு நிமிடம் அடைத்தால் பின்னால் உள்ளதெல்லாம் நிற்கும். அதே அயோவாவில் உள்ள எம்மெட்ஸ்பர்க் எத்தனால் ஆலைக்காரர்கள் 2017-ல், தங்களை மூன்று வருடம் தடுத்தது முன்பதப்படுத்தல்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். நொதி எதிரே வந்த பிறகு அதைத் திட்டுகிறோம். அதன் முன்னால் எதைக் கொண்டுபோய் வைத்தோம் என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த இழையில் நடந்ததும் அதுதானே?

அவ்வளவு சீக்கிரம் மூடாத ஆலைகளும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரேசிலில் பிரசிகாபாவில் 2014-ல் தொடங்கியது, சக்கை குவியும் கரும்பாலையை ஒட்டியே கட்டப்பட்டது. இந்தியாவில் பானிபட்டில் 2022 ஆகஸ்டில் திறந்த ஆலை நாளுக்கு 100 கிலோ லிட்டர் கொள்ளளவுக்குக் கட்டப்பட்டது, மூலப்பொருள் நெல் வைக்கோல். நெல் வைக்கோலில் சாம்பலும் சிலிக்காவும் மிக அதிகம். இயந்திரங்களுக்கு அது கோதுமை வைக்கோலைவிடக் கடினமான சோதனை.


கணக்கன் (பதிவு 18)

எவ்வளவு கிடைக்கும் என்று யாரும் எழுதவில்லையே. ஒரு டன் உலர் வைக்கோலில் 38 சதவீதம் செல்லுலோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 380 கிலோ. உடையும்போது ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு தண்ணீர் சேர்வதால் 1.11 மடங்காகி 422 கிலோ குளுக்கோஸ். ஈஸ்ட் ஒரு கிலோ குளுக்கோசில் இருந்து அதிகபட்சம் 0.51 கிலோ எத்தனால் கொடுக்கும், மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். 215 கிலோ, அதாவது ஏறக்குறைய 273 லிட்டர். ஒரு சொட்டு வீணாகாமல் எல்லாம் நடந்தால்தான் இது. 45 சதவீதத்தில் நின்றால் ஏறக்குறைய 123 லிட்டர்தான்.

இன்னொன்று. 15 சதவீதத் திடப்பொருளுக்குப் போவது வீம்புக்காக இல்லை. சாராயக் கரைசலில் எத்தனால் 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வடிப்பதற்கே வெப்பம் கொள்ளை போகும். 2 சதவீதக் குடுவையில் 80 சதவீத விளைச்சல் வந்தாலும், அதில் வரும் எத்தனால் ஒரு சதவீதம்கூடத் தேறாது.


நார்முடிச்சு (பதிவு 19)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மூன்று குடுவையும் வைத்தேன், இரண்டு முறை. காயாதது 82 சதவீதம். காற்றாட உலர்த்தியது 70-ஐ ஒட்டி. ஓவனில் காய்ந்தது 51. ஐயா, நீங்கள் சொன்ன பிழியும் சோதனையையும் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்ல முடிந்தது. விரலிடுக்கில் பிதுங்கியதுதான் 82.

வழிகாட்டியிடம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, ஓவன் கதவில் அவரே ஒரு தாளை ஒட்டினார்: பதப்படுத்திய நார் இதற்குள் வைக்கக் கூடாது.

பிறகு ஈர நாரையே 5 லிட்டர் கலனில் 15 சதவீதம் போட்டேன். 66 வந்தது. 45-ல் இருந்து 66. ஆனால் 82 இல்லை.


கொதிகலன் (பதிவு 20)

மீதி அந்தக் கலக்கியின் பங்கு. ஒரேயடியாகப் போடாதீர்கள். முதலில் 6 அல்லது 7 சதவீதம் போட்டு, மொத்த நொதியையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். குழம்பு இளகியதும் அடுத்த தவணை நார், அது இளகியதும் அடுத்தது. எந்த நேரத்திலும் கலனில் ஓடும் திரவம் இருக்கும். வேகமாகச் சுற்றினால் சரியாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். காற்றும் நுரையும் படும் பரப்பில் நொதிப் புரதம் குலைந்துபோகும். மெதுவாகப் புரட்டினால் போதும்.


வெளிவட்டம் (பதிவு 21)

சர்க்கரை தேங்குவதுதான் பிரச்சினை என்றால், ஈஸ்டையும் அதே கலனில் போட்டுவிட்டால் என்ன? சர்க்கரை வர வர அது தின்றுகொண்டே இருக்குமே.


நுண்ணோக்கி (பதிவு 22)

அப்படியும் செய்கிறார்கள், 1970-களில் இருந்தே. நொதிக்கு 50 டிகிரி பிடிக்கும், ஈஸ்டுக்கு 30-ஐ ஒட்டித்தான். இரண்டுக்கும் நடுவில் ஒத்துப்போக வேண்டும், நொதி மெதுவாகிவிடும். இதுவரைக்கும் இருந்த தயக்கம் இதுதான்.

ஆனால் இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2010-ல் நார்வே ஆய்வாளர்கள் ஒரு புது வகை நொதியின் வேலையைக் காட்டினார்கள். சுருக்கமாக எல்பிஎம்ஓ. நடுவில் ஒரு செம்பு அணு. மற்ற நொதிகள் தண்ணீரைக் கொண்டு பிணைப்பை உடைக்கின்றன. இது ஆக்சிஜனைக் கொண்டு, படிகத்தின் தட்டையான மேற்பரப்பிலேயே வெட்டிவிடும். சுரங்க நொதி நுழைய முனையே இல்லாத இடத்தில் முனை உண்டாக்கிக் கொடுக்கும். இன்றைய தொழிற்சாலைக் கலவைகளில் இது முக்கியமான பங்காளி. அதற்குக் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும். ஈஸ்ட் அதே கலனில் இருந்தால் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அது உறிஞ்சிவிடும், எல்பிஎம்ஓ சும்மா நிற்கும். அதனால் நார்முடிச்சுக்கு நான் சொல்வது: முதலில் நொதியைத் தனியாக 50 டிகிரியில் இரண்டு நாள் ஓடவிடுங்கள். பிறகு 32 டிகிரிக்கு ஆறவைத்து ஈஸ்டைப் போடுங்கள். மீதி உடைவது ஈஸ்டோடு சேர்ந்து நடக்கட்டும்.


நார்முடிச்சு (பதிவு 23)

செய்துவிட்டேன். நாரை மூன்று தவணையாகப் போட்டு, 48 மணி நேரம் நொதி, பிறகு ஈஸ்ட். மூன்றாம் நாள் காலையில் கலன் மூடியைத் திறந்தபோது வந்த வாசனையை நான் மறக்கவே மாட்டேன். எத்தனால் லிட்டருக்கு 27 கிராம். செல்லுலோஸ் கணக்கில் 76 சதவீதம். கணக்கன் சொன்ன 4 சதவீதத்தை இன்னும் தொடவில்லை, அடுத்தது 20 சதவீதத் திடப்பொருள்.

ஒரு கேள்வி மிச்சம். நாரைக் கழுவிய தண்ணீரை எச்பிஎல்சியில் ஓட்டினேன். வரைபடத்தில் சைலோஸ் என்ற சர்க்கரைக்குப் பெரிய மேடு. இத்தனை நாள் இதைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேனா?


நுண்ணோக்கி (பதிவு 24)

ஆமாம் தம்பி, ஊற்றியிருக்கிறீர்கள். ஹெமிசெல்லுலோசில் பெரும்பகுதி நீராவி வெடிப்பிலேயே கரைந்து அந்தத் தண்ணீரில் வந்துவிடுகிறது. சாதாரண ஈஸ்ட் சைலோசைத் தொடாது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் பைரோமைசஸ் என்ற பூஞ்சையின் சைலோஸ் ஐசோமெரேஸ் மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்துத் தொடங்கி, அதைச் சைலோசில் இருந்து எத்தனால் எடுக்கவைத்தார்கள். அந்தப் பூஞ்சை யானைச் சாணத்தில் இருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நாள் முழுக்க நார் தின்னும் விலங்கின் வயிற்றிலேயே விடை இருந்திருக்கிறது.

ஆனால் அதே தண்ணீரில், சர்க்கரை வெப்பத்தில் சிதைந்து உண்டாகும் ஃபர்ஃபுராலும் அசிட்டிக் அமிலமும் இருக்கும். நீங்கள் முதல் நாள் முகர்ந்த புளிப்பு அந்த அமிலம்தான். ஈஸ்டுக்கு இரண்டுமே ஆகாது. அடுத்த முறை கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வையுங்கள். பிஎச் எவ்வளவு, ஃபர்ஃபுரால் எவ்வளவு என்று பார்த்து இங்கே போடுங்கள்.


வடிகலன் (பதிவு 25)

4 டிகிரியில் வையுங்கள் தம்பி.